இரண்டு நகர்த்தலுக்கு முன்

செஸ் புதிர்களின் தலையில் அநேகமாக ஒரே வாக்கியம்தான் இருக்கும்: வெள்ளை ஆடி வெல்ல வேண்டும். நாற்பது வருஷமாக இதைப் படித்து வருகிறேன். சமீப காலமாகப் படிக்கும்போதெல்லாம் ஒரு கூச்சம் ஏற்படுகிறது. வெற்றி உண்டு என்பதை அந்த வாக்கியம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நான் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதையும் அதுவே முடிவு செய்துவிடுகிறது. எங்கள் திண்டுக்கல் பூட்டுப் பட்டறைகளில் சாவியில்லாத பூட்டு வெளியே வருவதில்லை. புதிரும் அப்படித்தான். யாரோ ஒருவர் சாவியை ராவி முடித்துவிட்டுத்தான் பூட்டை நம் கையில் தருகிறார். நாம் திறந்ததும் நம் புத்தியை மெச்சிக்கொள்கிறோம்.

என்னிடம் பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஒரு துண்டு இருக்கிறது. ஆடியவர்களின் பேர் இல்லை, வருஷம் இல்லை, கட்டங்கள் மட்டும். கறுப்பு ராஜா ஜி8இல் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் எஃப்7இல் அதன் யானை. கறுப்பு ராணி ஜி5இல். வெள்ளை ராணி தூரத்தில் பி2இல். வெள்ளைக் குதிரை டி6இல். மற்ற காய்களைப் பற்றி இங்கே கவலை வேண்டாம். விடை இது: வெள்ளை ராணி மூலைவாக்கில் பலகையைக் கடந்து எச்8க்குப் போய்ச் செக் சொல்கிறது. துணைக்கு யாருமில்லை, ராஜாவுக்கு அடுத்த கட்டம். ராஜா அதை வெட்டியே ஆக வேண்டும், போக வேறு கட்டமில்லை. வெட்டியதும் குதிரை எஃப்7இல் உள்ள யானையை வெட்டி மறுபடியும் செக். அங்கிருந்து அதன் பார்வை ஒரு பக்கம் ராஜாமேலும் இன்னொரு பக்கம் ராணிமேலும் விழுகிறது. ராஜா நகர்கிறது, ராணி போகிறது.

இதற்குத் தமிழில் கவை என்று எழுதுகிறார்கள். கவட்டைக் குச்சியின் கவை. நாங்கள் ஆடும்போது ‘ரெட்டை வெட்டு’ என்போம். குதிரையின் ரெட்டை வெட்டில் இரண்டு விசேஷங்கள் உண்டு. ஒன்று, குறுக்கே எதையும் வைத்துத் தடுக்க முடியாது. மற்றக் காய்கள் வரும் வழியில் ஒரு சிப்பாயை நிறுத்தலாம். குதிரைக்கு வழி என்று ஒன்று இல்லை, அது தாண்டி வந்து விழுகிறது. இன்னொன்று அவ்வளவாகக் கவனிக்கப்படாதது. குதிரை ஒவ்வொரு முறையும் நிறம் மாறிக் குதிப்பதால், ஒரே நேரத்தில் அது தாக்கும் இரண்டும் ஒரே நிறக் கட்டங்களில்தான் நின்றாக வேண்டும். எச்8ம் கறுப்புக் கட்டம், ஜி5ம் கறுப்புக் கட்டம். நடுவில் குதிரை நிற்கும் எஃப்7 வெள்ளை. தூரதூரமாக நிற்பதாக நாம் நினைத்த இரண்டு விஷயங்கள் உண்மையில் ஒரே நிறத்தில் நின்றுகொண்டிருந்தன என்பதைக் குதிரை வந்து விழும்போதுதான் தெரிந்துகொள்கிறோம்.

இந்தப் படத்தை வைத்துக்கொண்டு 1992இல் ஒரு மாலை, மலைக்கோட்டை அடிவாரத்தில் என் வீட்டுத் திண்ணையில், ஒரு நண்பரோடு உட்கார்ந்திருந்தேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தம்பி என்பார். தோல் பதனிடும் ஓர் ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் விடையைக் கண்டுபிடித்துச் சொன்னேன். அவர் அதில் அக்கறை காட்டவில்லை. “கறுப்பு எப்படித் தம்பி இங்க வந்து மாட்டுனான்?” என்று கேட்டார். படத்தில் அது இல்லை என்றேன். “அப்ப பாதிக் கதைதான் குடுத்திருக்காங்க” என்றார். அவர் எப்போதும் அப்படித்தான், புதிரைக் கறுப்புப் பக்கத்திலிருந்து பார்ப்பார். அது புதிர் தீர்க்கத் தெரியாதவர்களின் பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அவர் பேச வந்தது வேறு. அவருடைய கிராமம், கிழக்கே சிறுமலை தெரியும் சமவெளியில் இருந்தது. அப்பா காலத்துக் கிணறு ஒன்று, ஒன்றரை ஏக்கர், சில தென்னைகள், கொஞ்சம் கனகாம்பரம். ஆலைக் கழிவு வாய்க்காலில் ஓடி மண்ணில் இறங்கிக் கிணறு உப்பாகிவிட்டது. தோல் பதனிடுவது எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வைக்கிறார்கள். ஊறவைக்கும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரோடு போகிறது. பின்னால் சுண்ணாம்பு, பின்னால் குரோமியம். ஒரு கிலோ தோலுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று பிறகு உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் படித்தேன். அந்த 35 லிட்டரும் எங்கோ போய்த்தானே ஆக வேண்டும்.

ஊரில் கலெக்டருக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் தம்பியே மனுவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கையெழுத்துப் போட்டால் வேலை போகும். போடாவிட்டால் ஊரும் கூடப்பிறந்தவனும் போவார்கள். வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண், காலேஜில் ஒரு பையன், எல்லாம் அந்தச் சம்பளத்தில். பலகையைக் காட்டி, “இதுல யாரத் தம்பி காப்பாத்துறது?” என்று கேட்டார்.

நான் சொன்ன பதில் இது: “இது இன்னிக்கு வந்த செக் இல்லண்ணே. ரெண்டு மூவ் முன்னாடியே விழுந்தாச்சு. நீங்க அந்த வேலைல சேந்தப்பவே.”

அவர் கோபப்படவில்லை. காய்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டார், என் பக்கத்துக் காய்களையும் சேர்த்து. “நீங்க சொல்றது சரிதான் தம்பி” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அப்புறம் ஆட வரவில்லை.

நான் சொன்னது சரி. முப்பது வருஷமாக என்னை உறுத்துவது அந்தச் சரிதான். உண்மையான ஒரு வாக்கியம் எப்படி ஒரு குற்றமாக முடியும் என்பதே இங்கே என் கேள்வி.

கவையில் அகப்பட்டவனிடம் சொல்வதற்கு உலகத்தில் இரண்டு வகையான பதில்கள் இருப்பதாகப் படுகிறது. ஒன்று ஸார்த்தர் சொன்னது. 1945இல் பாரிஸில் பேசிய உரையில் தன் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். அண்ணன் 1940 யுத்தத்தில் இறந்துவிட்டான். தாய் இவனை நம்பித் தனியாக இருக்கிறாள். இங்கிலாந்துக்குப் போய் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்வதா, தாயோடு இருப்பதா? எந்த நீதிநூலும் இதற்கு விடை தராது, நீ சுதந்திரன், தேர்ந்துகொள் என்பதே ஸார்த்தரின் பதில். இது முன்னால் பார்க்கும் பதில். இரண்டாவது நான் சொன்னது, பின்னால் பார்ப்பது: தேர்வெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. இரண்டும் தர்க்கத்தில் எதிரெதிர். ஆனால் இரண்டையும் சொன்னவர்களுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. அந்தப் பலகையில் அவர்களுடைய காய் ஒன்றும் வெட்டுப்படப்போவதில்லை.

எங்கள் பக்கத்துச் சிறுமலை சிலப்பதிகாரத்தில் வருகிறது, ஒரு கவையின் வலப்பக்கத்தில். காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் மதுரைக்குப் போகும் வழி சொல்கிறான். கொடும்பைக்கு அப்பால் வழி சூலம்போல மூன்றாகப் பிரிகிறது. வலப்பக்கம் போனால் சிறுமலை. இடப்பக்கம் திருமால்குன்றம், அங்கே பிலமும் மூன்று பொய்கைகளும். நடுவழியில் ஆளை மயக்கும் ஒரு தெய்வம் இருக்கிறது. கவுந்தியடிகள் அந்தப் பொய்கைகளின் பலன் எங்களுக்கு வேண்டியதில்லை என்று மறுத்த பிறகு, கோவலனும் கண்ணகியும் நடுவழியில் போகிறார்கள். தெய்வம் வசந்தமாலை உருவில் வருகிறது, கோவலன் அதையும் கடக்கிறான். படிக்கும்போது மனசு துடிக்கிறது, வலப்பக்கம் போயிருக்கக் கூடாதா என்று. ஆனால் மூன்று வழியும் மதுரைக்குத்தான் போகின்றன. ராஜாவும் ராணியும் அகப்பட்ட கவை மாதிரி, அந்த இடத்தில் தேர்வு என்பதற்கு உருவம் மட்டும்தான் மிச்சம்.

பழந்தமிழில் கவலை என்றால் பிரியும் வழி. மனக்கவலைக்கும் அதே சொல் வந்து சேர்ந்ததில் தற்செயல் எவ்வளவு என்று சொல்ல நான் மொழியியல்காரனல்ல. கொங்குப் பக்கம் இன்னொரு கவலை உண்டு, கிணற்றில் மாடு கட்டி நீர் இறைப்பது. எங்கள் பக்கம் அதையே கமலை என்போம். சாலின் அடியில் தோலில் தைத்த ஒரு குழாய் தொங்கும். தோல் இல்லாமல் அந்தக் கிணறுகளிலிருந்து நீர் ஏறியதில்லை. நண்பரின் அப்பா கமலை ஓட்டியவர். சம்பளமும் கிணறும் எதிரெதிர் மூலைகள் என்று அவர் நினைத்திருந்தார், நானும்தான். இரண்டும் ஒரே நிறத்தில் நின்றிருக்கின்றன. தோலும் தண்ணீரும் எங்கள் சமவெளியில் எப்போதுமே ஒரே வரிசைக் கட்டங்கள்.

கோவலன் ஏன் இறந்தான்? காப்பியம் ஒரு பதில் வைத்திருக்கிறது. மதுரை எரியும்போது மதுராபதி கண்ணகிமுன் வந்து பூர்வ கதையைச் சொல்கிறாள்: முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பேரில் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பிடித்துக் கொலைக்கு ஆளாக்கினான், சங்கமனின் மனைவி நீலி சபித்தாள். ஊழ்வினை உருத்துவந்து ஊட்டியது. யோசித்துப் பார்த்தால் இது என்னுடைய பதில்தான். இரண்டு நகர்த்தலுக்கு முன். நான் பத்து வருஷம் பின்னால் போனேன். மதுராபதி ஒரு பிறவி பின்னால் போகிறாள். ஊழ் என்று நாம் சொல்வது, தோற்ற ஆட்டத்தைப் பின்னோக்கி ஆடிப் பார்த்து, எந்த இடத்தில் பிசகியது என்று குறித்துக்கொள்ளும் வேலைதான். அது ஆறுதல் தருகிறது என்பதையும் மறுக்க முடியாது. யாருக்கு ஆறுதல் என்பதுதான் விஷயம். பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு. அவனுக்கு இது நேராது, ஏனென்றால் அவன் அந்த மூவ் ஆடவில்லை.

அதே காப்பியத்தில் வேறு ஒருவன் இதே வேலையைச் செய்கிறான். பாண்டியன் நெடுஞ்செழியன் முன்னால் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறிக்கிறது. அவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தன. பொற்கொல்லன் பொய் சொன்னான், சிலம்பு ஒன்றுபோல இருந்தது, காவலர் அவசரப்பட்டார்கள், கோப்பெருந்தேவியின் ஊடல் வேறு. ஒரு சாமர்த்தியசாலி இவை ஒவ்வொன்றையும் கட்டாயமான நகர்த்தலாகக் காட்டியிருக்க முடியும். பாண்டியன் நேராகத் தன் நகர்த்தலுக்குப் போகிறான்: பொன்செய் கொல்லன் சொல் கேட்ட நான் அரசனல்ல, நானே கள்வன் என்ற பொருளில் சொல்லி, வீழ்ந்து இறக்கிறான். மதுராபதி பின்னோக்கி ஆடியதும் இவன் பின்னோக்கி ஆடியதும் ஒரே செயல். ஒன்று முன்னிலையில் சொல்லப்பட்டது, மற்றது தன்மையில். இலக்கணத்தில் இது சின்ன வித்தியாசம். ஒழுக்கத்தில் முழு வித்தியாசமும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘நீ அப்போதே தவறினாய்’ என்பதும் ‘நான் அப்போதே தவறினேன்’ என்பதும் ஒரே தகவலைத் தருகின்றன. முதலாவது வேதனையை அதற்குரியவன் தலையிலேயே கட்டிவிட்டு எழுந்து போகிறது. இரண்டாவது கூட உட்காருகிறது.

சமீபத்தில் இதை உலகமே பார்த்தது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் நடந்த உலகப் போட்டியின் பதினாலாவது ஆட்டம். சமனாக முடிய வேண்டிய நிலையில் டிங் 55ஆம் நகர்த்தலில் யானையை எஃப்2க்கு வைத்தார். கம்ப்யூட்டர் கணிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் அந்தக் கணமே தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. பதினெட்டு வயதில் நம் ஊர்ப் பையன் சாம்பியனான சந்தோஷம் எனக்கும் உண்டு. ஆனால் தெருவில் போகிறவர்களெல்லாம் ‘அதை ஆடியிருக்கக் கூடாது’ என்று சொன்ன வேகம் எனக்கு என் குரலை ஞாபகப்படுத்தியது. டிங் பிற்பாடு, முந்தின ஆட்டத்தில் தான் தப்பித்ததை வைத்துப் பார்த்தால் இது நியாயமான முடிவே என்ற பொருளில் பேசினார். அவருக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழும். யாரும் யாரையும் பார்த்து ‘நீ தவறினாய்’ என்று சொல்லக் கூடாதென்றால் நியாயம் எப்படி நடக்கும்? 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்த ஐந்தில் அப்போது திண்டுக்கல் அண்ணா என்ற பேரிலிருந்த எங்கள் மாவட்டமும் ஒன்று. அது முன்னிலையில் சொல்லப்பட்டதுதான், சொல்லப்பட வேண்டியதும்கூட. கண்ணகி பாண்டியனை விரல் நீட்டிச் சொன்னதும் முன்னிலையில்தான். ஆனால் அவள் இழந்தவள். வழக்கின் பின்னால் இருந்தவர்களும் கிணற்றை இழந்தவர்கள். இழந்தவன் கேட்கும்போது அந்த வாக்கியம் ஒரு வழக்கு. இழக்காதவன், அதுவும் இழந்துகொண்டிருப்பவனிடமே சொல்லும்போது, அது புதிரின் விடை. விடை சொன்னவனுக்கு அதன் பிறகு வேலை இல்லை.

நண்பர் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதத்தில் வேலை போயிற்று. கிணறும் தேறவில்லை, மண்ணில் இறங்கிய உப்பு தீர்ப்புகளுக்காக ஏறிவருவதில்லை. செஸ்ஸில் கவை இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கும். இன்னொரு விஷயத்திலும் செஸ் கருணையுள்ளது: எது ராஜா என்று காய்களின் தலையிலேயே செதுக்கியிருக்கிறது. எதைக் காப்பாற்றுவது என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை. அவருக்கு எதிலும் அப்படிச் செதுக்கியிருக்கவில்லை. கிணற்றைத்தான் ராஜா என்று அவர் தீர்மானித்தார். அதைத் தீர்மானிப்பதற்காகத்தான் என்னிடம் வந்திருக்கிறார் என்பதும், விடை கேட்கவில்லை, கூட இருந்து பார்க்கக் கேட்டார் என்பதும் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

அந்தத் துண்டின் மீதிக் கதையையும் பிறகு ஒரு புத்தகத்தில் கண்டுபிடித்தேன். 1966, மாஸ்கோ. பெத்ரோஸியான், ஸ்பாஸ்கி, உலகப் போட்டியின் பத்தாவது ஆட்டம். ராணி எச்8க்குப் போனதுமே ஸ்பாஸ்கி ஆட்டத்தை விட்டுவிட்டார். கறுப்பு எப்படி அங்கே வந்தது? அதற்குமுன் பெத்ரோஸியான் இரண்டு யானைகளைக் கொடுத்திருந்தார். ஸ்பாஸ்கி ஒன்றுக்கு மந்திரியையும் மற்றதற்குக் குதிரையையும் ஈடாகக் கொடுத்து வாங்கிக்கொண்டார். இரண்டும் கணக்கில் லாபம். நீட்டியதை வாங்கிக்கொண்டே வந்தவன்தான் அந்தக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தான். நண்பர் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. சொல்ல அப்போது அவர் இல்லை.

இனி மிச்சமிருப்பது நான் இதுவரை எழுதாத ஒரு தகவல். 1981இல் நான் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. அந்த ஆலையின் கணக்கு எங்களிடம் இருந்தது. கணக்கு எழுத நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று அங்கிருந்து கேட்டார்கள். வெள்ளாமை கைகொடுக்காமல் வேலை தேடிக்கொண்டிருந்த நண்பரின் பேரைச் சொன்னது நான். அவர் தயங்கினார். சம்பளம் நீட்டப்படும்போது வாங்கிக்கொள்ளுங்கண்ணே என்றும் நான்தான் சொன்னேன். நான் குறிப்பிட்ட அந்த ‘ரெண்டு மூவ் முன்னாடி’ என் கையால் நகர்த்தப்பட்டது. அவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டேதான் என் பக்கத்துக் காய்களையும் எடுத்துப் பெட்டியில் போட்டார்.

2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது ஊரெங்கும் ஒரு படம் ஒட்டியிருந்தது. வேட்டி சட்டையில் ஒரு குதிரை, கும்பிட்டபடி. அதற்குத் ‘தம்பி’ என்று பேர் வைத்திருந்தார்கள். பேருந்து நிலையத்தில் அதன்முன் கொஞ்ச நேரம் நின்றேன்.